புரட்டாசி உள்ளான்கள்

சனிக்கிழமை, மணிமுத்தாறு அணை

புரட்டாசியில் பறவை பார்க்க வந்திருக்கிறேன் என்றால் நெல்லைச் சீமையில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "இப்ப என்னத்தப் பாக்கப் போறிய? குளமெல்லாம் காஞ்சுல்லா கெடக்கு. தையில வாங்க, கூந்தன்குளத்துல நாரை கொட்டிக் கெடக்கும்" என்கிறார்கள். தையில் கூட்டம் சேர்வது உண்மைதான். ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளான் முதலான வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற காலம் இது. ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசி வரை வாரத்துக்கு வாரம் புதிதாக ஏதாவது ஒன்று வந்து சேரும். கூட்டமாக இருக்காது. இங்கே நாலு, அங்கே பத்து என்று சிதறித்தான் கிடக்கும். வந்த களைப்போடு, தேய்ந்த சிறகோடு ஒரு பறவையைப் பக்கத்தில் பார்க்க இந்த மாதத்தை விட்டால் வேறு மாதம் கிடையாது.

கல்லிடைக்குறிச்சியில் அக்கா வீட்டில் தங்கல். துணைக்கு அக்கா மகன் வருகிறான். காலாண்டு லீவு அவனுக்கு. கண் கூர்மையான பையன், அசையாமல் உட்காரவும் தெரியும். பறவை பார்க்க இந்த இரண்டும் போதும், மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டில் விடியும் முன்பே கூட்டம். புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் நவதிருப்பதிக்குக் கிளம்பியவர்கள் துளசி மாலையும் கையுமாக நிற்கிறார்கள். எங்கள் பஸ் எதிர்த்திசையில், மலையைப் பார்த்துப் போகிறது. காலியாக இருந்தது. மணிமுத்தாற்றில் இறங்கும்போது கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது.

ஏன் மணிமுத்தாறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெல்லைக்குப் பெரிய அணைகள் பாபநாசமும் மணிமுத்தாறும். பாபநாசம் 143 அடி. தென்மேற்குப் பருவமழை பொதிகையில் பிடித்தால் ஆடி ஆவணியிலேயே அதில் தண்ணீர் ஏறிவிடும். மணிமுத்தாறு 118 அடி. காமராசர் முதல்வராக இருந்த 1950களில் கட்டியது. இது நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையைத்தான். ஐப்பசி கார்த்திகையில் மழை கொட்டினால்தான் நிரம்பும். ஆகவே புரட்டாசியில் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் பக்கமாகக் கிடக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள், அடுத்து வரும் பிசான நெல் சாகுபடிக்கு என்ன செய்ய என்று. அந்தக் கவலை நியாயமானது. பறவைக்கோ இந்த இறங்கிய தண்ணீர்தான் சோறு. நீர் வற்ற வற்ற விளிம்பில் ஒரு பட்டைச் சேறு புதிதாக வெளியே வரும். நேற்று வரை தண்ணீருக்கடியில் இருந்த புழுவும் பூச்சியும் நத்தைக் குஞ்சும் இன்று அதில் மேலாக நெளியும். நாளை அது காய்ந்துவிடும், அதற்குக் கீழே இன்னொரு பட்டை திறக்கும்.

கரையின் ஒரு கோடியில், ஆடுமாடு இறங்கும் சரிவில் ஒரு பாறையை ஒட்டி உட்கார்ந்தோம். காலையில் இங்கே வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் மலை. பறவையின் மேல் நேராக வெளிச்சம் விழுவதால் நிறம் அப்படியே தெரியும். சாயங்காலம் வந்தால் எல்லாம் கருநிழலாகத்தான் தெரியும். இங்கே வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பச்சைக்காலியின் குரல். 'ட்யூ ட்யூ ட்யூ' என்று மூன்று தரம், ஓங்கி, தெளிவாக. உயரத்தில் இருந்தே கூவிக்கொண்டு வந்து இறங்கியது. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, லேசாக மேல்நோக்கி வளைந்த அலகு. இறங்கினதும் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஓடி ஓடி மீன்குஞ்சைத் துரத்திற்று. அது போன பாதையில் தண்ணீர் கலங்கிய கோடு ஒன்று நீண்டுகொண்டே போனது.

ஈரச்சேற்றில் பட்டாணி உப்புக்கொத்திகள், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு. ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். அவற்றுக்கு நடுவே கொசு உள்ளான்கள் மூன்று. இந்தப் பறவை இருபத்தைந்து கிராம் சுமார் எடை, ஒரு கைப்பிடி கூட இல்லை. முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய பனிச் சமவெளியில், ரஷ்யாவின் வடகோடியில். அங்கிருந்து மணிமுத்தாற்றுக்கு நேர்கோட்டில் அளந்தாலே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். பையன் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல், "மாமா, இது அவ்வளவு தூரம் பறந்தா வந்துச்சு?" என்று கேட்டான். ஆமாம், பறந்துதான் வந்தது. கிளம்பும் முன் தின்று தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். வழி நெடுக அதை எரித்துக்கொண்டு வரும். கரைந்ததும் எங்காவது ஒரு சேற்றில் இறங்கி மறுபடி தின்னும். அந்தச் சேறு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

இன்று என்னை அதிக நேரம் பிடித்து வைத்தவை பொரி உள்ளான்கள். ஒன்று எங்கள் பாறைக்கு ஏழெட்டு அடி வரை வந்துவிட்டது. முதுகில் ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் வெளிர்மஞ்சள் பொட்டுகள், ஒன்று கூட உதிராமல், வரிசை கலையாமல். நெஞ்சில் மெல்லிய பழுப்புப் படர்வு. கால் பசுமஞ்சள். இது இந்த ஆனி ஆடியில் பொரிந்த குஞ்சு. கொஞ்சம் தள்ளி நின்ற இன்னொன்று அப்படி இல்லை. முதுகில் பாதிப் பொட்டு தேய்ந்து போய், இறகு நுனி பிய்ந்து, மொத்தமாக மங்கிய பழுப்பு. அது வளர்ந்த பறவை. கூடு கட்டி, அடைகாத்து, கண்டம் தாண்டி வந்த இறகு அது. இனி இங்கே இருந்துதான் ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும்.

இந்தக் குஞ்சை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. இது எனக்கு எப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறியும் விஷயம். உள்ளான் இனங்களில் பெரும்பாலும் தாய் முதலில் கிளம்பிவிடும், சில நாளில் தகப்பனும் போய்விடும். ஆவணித் தொடக்கத்திலேயே இங்கே இறங்குபவை அந்தப் பெரியவை. குஞ்சுகள் பின்னாலேயே இருந்து, சிறகு முற்றி, கொழுப்பு ஏற்றி, முன்னே பின்னே பார்த்திராத பாதையில் தாமாகக் கிளம்புகின்றன. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பது பிறவியிலேயே உள்ளே இருக்கிறது. சூரியன், இரவில் நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் இவையெல்லாம் அவற்றுக்கு வழிகாட்டுகின்றன என்று ஆராய்ச்சிகளில் தெரியவந்திருக்கிறது. அலாஸ்காவில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன் 2022 அக்டோபரில் 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் கடல் தாண்டி டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. அதற்கு வயது ஐந்து மாதம். பையனிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் அந்தப் பொரி உள்ளானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டு மணிவாக்கில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்தார். "எய்யா, என்ன பாக்கிய?"

"பட்சி பாக்குதோம் தாத்தா. வடக்க இருந்து வருதுல்லா."

"இதுவளா? ஆவணி பொறந்தா வந்துரும். ஆட்டுக் காலுக்குள்ளயே நிக்கும், பயப்படாது. மனுசன் நேரா போனாத்தான் பறக்கும். நீங்க உக்காந்திருக்கியல்லா, அதான் கிட்ட வருது." சொல்லிவிட்டு ஆடுகளை எங்களுக்குப் பின்பக்கமாக வளைத்து ஓட்டிப் போனார், பறவை கலையக் கூடாது என்று. ஆடு மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருப்பதால்தான் இந்தச் சரிவு உள்ளானுக்கு உகந்ததாக இருக்கிறது. புல் இடுப்புயரம் வளர்ந்தால் அது இறங்காது, பூனையோ கீரியோ பதுங்கியிருக்கும் என்ற அச்சம் அதற்கு.

கிளம்புகிற நேரத்தில் விரால் அடிப்பான். தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னே நீட்டி விழுந்தது. எழுந்தபோது காலில் மீன். பறந்துகொண்டே மீனைத் திருப்பி, தலை முன்னுக்கு வருமாறு பிடித்துக்கொண்டது, காற்றை வெட்டிப் போக. இதைப் பையன்தான் கவனித்தான்.


ஞாயிற்றுக்கிழமை, திருப்புடைமருதூர்

ஞாயிறு மணிமுத்தாற்றில் அருவிக்குப் போகிற வண்டிகள் நிறையும். ஆகவே முக்கூடல் பக்கம் திரும்பினோம். கடனாநதி தாமிரபரணியில் வந்து சேர்கிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில். ஆற்றங்கரையில் வயதான மருத மரங்கள். தையிலிருந்து ஆனி வரை இந்த மரங்களில் நாரையும் கொக்கும் கூடு வைக்கும். ஊரார் அவற்றைக் கலைப்பதில்லை. 2005-ல் இந்த ஆற்றங்கரையைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அந்த வகையில் முதலாவது இது. ஊர் மக்கள் தாங்களாகக் காத்ததற்குச் சட்டம் பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது மரங்கள் காலி. பழைய கூட்டுக் குச்சிகள் மட்டும் கிளைக்கவட்டில். நாங்கள் பார்க்க வந்தது மரத்தை அல்ல, படித்துறையை.

கடைசிப் படியில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளான், அடைமொழி இல்லாமல் வெறும் உள்ளான் என்றே பெயர் உள்ள இனம். பின்பக்கம் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். நெஞ்சின் பழுப்புக்கும் மடித்த சிறகுக்கும் நடுவே வயிற்று வெள்ளை ஒரு கீற்றாக மேலே ஏறியிருக்கும், அதை வைத்துத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் வாளித் தண்ணீரை ஊற்றியதும் நாலடி பறந்து, சிறகை விறைப்பாகக் கீழ்நோக்கி வளைத்து, தண்ணீரை உரசுகிற மாதிரி ஒரு வட்டம் போட்டு, அதே படியில் வந்து உட்கார்ந்தது.

"மதினி, இது எப்பவும் இங்கதான் நிக்குமா?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் இந்தப் படியிலதான் நிக்கும். வெயில் காலத்துல காணாது. நான் கல்யாணம் ஆயி வந்ததுலேருந்து பாக்குதேன்" என்றார். ஒரே பறவையாக இருக்காது, ஆனால் அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. காலில் வளையமிட்டுப் பார்த்ததில் இத்தகைய பறவைகள் பல வருடங்கள் அதே குளிர்கால இடத்துக்குத் திரும்பி வருவது உறுதியாகியிருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் சாலிம் அலி முன்னின்று தொடங்கிய வலசை ஆய்வில் எத்தனையோ ஆயிரம் பறவைகளுக்கு வளையமிட்டிருக்கிறது. கோடியக்கரை அதில் முக்கியமான இடம். எந்த நாட்டில் பொரிந்தது எந்தக் கரையில் வந்து இரை எடுக்கிறது என்பதெல்லாம் அந்தச் சின்ன அலுமினிய வளையங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆற்றின் நடுப்பாறையில் சாம்பல் வாலாட்டி ஒன்று, எலுமிச்சை மஞ்சள் அடிவயிறு, உடம்பைவிட நீண்ட வால். இது இமயத்துப் பக்கமிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் வருவது. புரட்டாசி பிறந்ததும் மலையோரத்து ஓடைகளில் முதலில் வந்து நிற்பவற்றில் ஒன்று.

ராத்திரி மொட்டைமாடியில் படுத்திருந்தேன். தெரு அடங்கி, சாரல் காற்று மட்டும். பத்து மணிக்கு மேல் தலைக்கு மேலே, எவ்வளவு உயரம் என்று தெரியவில்லை, அதே 'ட்யூ ட்யூ ட்யூ'. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, அதற்குக் கொஞ்சம் கிழக்கே. பெரும்பாலான வலசைப் பறவைகள் இரவில்தான் பறக்கும். வெயிலின் சூடு இருக்காது, காற்று அடங்கியிருக்கும், கழுகு வல்லூறு பயம் குறைவு, பகலில் இரை எடுக்கவும் நேரம் கிடைக்கும். ஊர் முழுக்கத் தூங்குகிற நேரத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேலே இவ்வளவு நடமாட்டம். அக்காவை எழுப்பிக் கேட்கச் சொன்னேன். அவளும் கேட்டாள்.


திங்கட்கிழமை, சேரன்மகாதேவி - பத்தமடை வயல்கள்

இன்று நடை மட்டும். கார் பருவ நெல் அறுவடை நடக்கிறது. கன்னடியன் கால்வாய்ப் பத்துகளில் ஒரு வயல் அறுத்துக் கிடக்கிறது, அடுத்தது தொளி அடிக்கிறார்கள், அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுகிறார்கள், அதற்கடுத்ததில் பிசானத்துக்கு நாற்றங்கால். தண்ணீர் நிற்கிற தொளி வயலில் டிராக்டர் போக, பின்னாலேயே உண்ணிக்கொக்கும் வெண்கொக்கும் வரிசை. அவற்றுக்கு மேலே மீசை ஆலாக்கள் காற்றில் மிதந்து, சேற்றில் கிளம்புகிற பூச்சியை இறங்காமலே கொத்திக்கொண்டு போகின்றன. கோடையில் கூடு வைத்தபோது இருந்த கறுப்பு வயிறு சிலவற்றில் இன்னும் திட்டுத்திட்டாக மிச்சம் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம் போனால் எல்லாம் வெளுத்துவிடும், அப்புறம் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

வரப்பில் மஞ்சள் வாலாட்டிகள். மின்கம்பியில் தகைவிலான்கள், நெருக்கமாக, எல்லாம் காற்று வருகிற பக்கம் முகம் காட்டி. பனையோலையில் பழுப்புக் கீச்சான் ஒன்று கரகரவென்று கத்தித் தன் எல்லையை அறிவித்துக்கொண்டிருந்தது. இந்தக் கத்தல் புரட்டாசியில்தான் அதிகம். வந்ததும் ஆளுக்கொரு வேலியைப் பிடித்துக்கொள்ளும் சண்டை.

அணையில் பார்த்த பொரி உள்ளான்கள் இங்கேயும் நிற்கின்றன. நெல் தாளுக்கு நடுவே கணுக்கால் தண்ணீரில், டிராக்டர் சத்தத்தைப் பொருட்படுத்தாமல். தாரா வாத்துக் கூட்டம் மேய்க்கிற ஒருவர் தம் தாராக்களை அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டே, "தாரா கெளறிவிட்ட எடத்துல இது வந்து பொறுக்கும் அண்ணாச்சி" என்றார். பத்து நிமிஷம் நின்று பார்த்தேன். அவர் சொன்னபடியேதான்.


செவ்வாய்க்கிழமை, கூந்தன்குளம், விஜயநாராயணம்

பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் பச்சை சட்டென்று முடிந்துவிடும். சிவந்த மண், உடைமரம், பனை. தாமிரபரணிக் கால்வாய் எட்டாத பூமி இது. நாங்குநேரி வட்டாரத்துக் குளங்கள் வடகிழக்கு மழையையும் மணிமுத்தாற்றிலிருந்து வரும் தண்ணீரையும் எதிர்பார்த்துக் கிடப்பவை.

கூந்தன்குளத்தைப் பற்றிப் பலருக்கும் தெரியும். 1994-ல் சரணாலயம் ஆனது, இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரத்திலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கும். தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் விழுந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பறவைக் காவலர் பால்பாண்டியின் பெயர் இன்றும் அங்கே பேச்சில் வருகிறது.

இன்று குளத்தில் தண்ணீர் நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும். நாரை இல்லை. மார்கழி தையில் மத்திய ஆசியாவிலிருந்து இமயம் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்துக்கு இன்னும் நாள் கிடக்கிறது. சுற்றுலாவுக்கு வந்த ஒரு குடும்பம் பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்து, "ஒண்ணும் இல்லையே" என்று இறங்கிப் போனது. அந்தப் பள்ளத்து ஓரத்தில் நெடுங்கால் உள்ளான் இருபது, பச்சைக்காலி இரண்டு, கருவால் மூக்கன் ஐந்து. மூக்கன்களில் ஒன்றுக்குக் கழுத்தில் கோடைச் செம்மண் நிறம் இன்னும் ஒட்டியிருந்தது. அவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன், எட்டுகிற தூரத்தில் இல்லை.

அங்கிருந்து விஜயநாராயணம் பெரியகுளம். கடற்படை நிலையத்தின் உயர்ந்த கோபுரங்கள் தெரிகிற திசையில் அகலமான நீர்ப்பரப்பு, இப்போது சுருங்கி ஒரு மூலையில். மதகுப் பக்கம் நீலச்சிறகிகள், எண்ணிப் பார்த்ததில் அறுபத்துநாலு. வந்து ஒரு வாரம் கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன், முக்கால்வாசி தலையைச் சிறகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே வளைந்து இறங்கும் அந்த அழகான வெள்ளைப் பட்டை இப்போது இருக்காது. கூடு முடிந்ததும் ஆண் வாத்துகள் பளிச்சென்ற இறகை உதிர்த்து, பெட்டையைப் போல மங்கிய உடையில்தான் தெற்கே வரும். தூங்குகிற ஒன்று கால் மாற்றி நின்றபோது சிறகை ஒரு கணம் விரித்தது. தோள்பட்டையில் வெளிர் நீலச்சாம்பல். அது ஆண். மாசி வாக்கில் இங்கிருந்து கிளம்பும் முன் பட்டை வந்துவிடும்.

இந்தக் குளத்துக் கரையில் நின்றுதான் இந்த நாட்களாக மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் ஆழம் உண்டு. உப்புக்கொத்திக்கு உலரும் சேறு. கொசு உள்ளானுக்கு ஈரச்சேறு. பொரி உள்ளானுக்குக் கணுக்கால் தண்ணீர். பச்சைக்காலிக்கும் மூக்கனுக்கும் அதைவிட ஒரு சாண் கூட. மஞ்சள் மூக்கு நாரைக்கு முழங்காலுக்கு மேல். அலகும் காலும் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் எட்டும். மெல்லச் சரிந்து இறங்குகிற குளத்தில் இத்தனை ஆழமும் ஒரே கரையில் அடுத்தடுத்து இருக்கும், தண்ணீர் ஏற இறங்க எல்லாம் சேர்ந்து நகரும். நம் பழைய ஏரி குளங்கள் அப்படித்தான் இருந்தன. நீர்பிடிப்பு அகலம், ஆழம் குறைவு.

போகிற வழியில் வேறு ஒரு குளத்தில் ஜேசிபி வைத்துக் கரம்பை அள்ளியிருந்தார்கள். வண்டல் எடுப்பது நல்லதுதான். குளமும் ஆழமாகும், வயலுக்கும் உரம். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அங்கே அள்ளியிருந்த விதம் கிணறு வெட்டின மாதிரி, இருபுறமும் செங்குத்து, இரண்டாள் ஆழம். அந்தக் குழியில் தண்ணீர் பளபளவென்று நிற்கிறது. சுற்றி வந்து பார்த்தேன், விளிம்பில் ஒற்றைப் பறவை இல்லை. நிற்க இடம் கிடையாது. கரையோரம் ஐம்பது அறுபது அடிக்காவது பழைய சரிவை விட்டுவிட்டு நடுவில் மட்டும் அள்ளினால் விவசாயிக்கும் குறைவில்லை, உள்ளானுக்கும் குறைவில்லை. மண் எடுக்க அனுமதி கொடுக்கும்போதே இதை எழுதிச் சேர்த்துவிடலாம். செலவு எதுவும் கூடப்போவதில்லை. பள்ளத்தில் விழுகிற ஆட்டுக்கும் குழந்தைக்கும் கூட அதுதான் பாதுகாப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணை, ஆறு, வயல், குளம் என்று நான் சுற்றி வந்தது நாலு இடமல்ல. மணிமுத்தாற்றில் தண்ணீர் இறங்கி இருக்கிற இந்த மாதம் உள்ளான்கள் அங்கே தின்கின்றன. மழை பெய்து அணை ஏறினதும் அந்தச் சேறு மூழ்கும். அப்போது பிசான வயல்களில் தொளி கலங்கும், அங்கே போய்விடும். பயிர் மூடின பிறகு, அணைத் தண்ணீர் கால்வாய் வழியே வந்து நாங்குநேரிக் குளங்கள் விரிந்திருக்கும். மாசி பங்குனியில் அவை வற்றும்போது வடக்கே திரும்பும் பறவை கடைசி இரையை அங்கே எடுக்கும். தண்ணீர் போகிற வழியில்தான் பறவையும் போகிறது. கூந்தன்குளத்துக்கு வேலி போட்டு, பலகை வைத்து, கோபுரம் கட்டி அதோடு பறவையைக் காப்பாற்றியாயிற்று என்று இருந்துவிட முடியாது. சேரன்மகாதேவிக்காரர் வயலில் அளவுக்கு மீறி மருந்தடித்தால் கூந்தன்குளத்தில் அது தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "சோளக்குருவி வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். சூறைக்குருவியைச் சொல்கிறார். வந்துவிட்டது, முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு சின்னக் கூட்டம் பார்த்தேன் என்றேன். "அப்ப மழைக்கு நாளாவாது" என்றார் திருப்தியாக.


புதன்கிழமை, நயினார்குளம்

ராத்திரி ரயில். பகலைச் சும்மா விட மனமில்லை. திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலுக்குப் பக்கத்திலேயே நயினார்குளம். நெல்லைக் கால்வாய்த் தண்ணீர். ஒரு பக்கம் காய்கனி மார்க்கெட் லாரிகள், இன்னொரு பக்கம் வீடுகள். ஊருக்கு நடுவே இவ்வளவு பறவை இருக்கும் என்று கடந்து போகிறவர்களுக்குத் தெரியாது. ஆகாயத்தாமரை பாதியை மூடியிருக்கிறது. அதன்மேல் நீலத்தாழைக்கோழிகள் நடக்கின்றன. திறந்த நீரில் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம். வலசை வந்தவற்றில் மீசை ஆலா பதினெட்டு, தகைவிலான் நிறைய, குப்பை மேட்டு ஓரத்தில் ஓர் உள்ளான். திருப்புடைமருதூர்ப் படியில் ஆடிய அதே ஆட்டம்.

பையனையும் கூட்டி வந்திருந்தேன். இன்றைய பட்டியலை அவனே தன் கையால் நோட்டில் எழுதி, நேரம், இடம், எண்ணிக்கை போட்டு, என் போனில் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினான். சந்தேகம் இருந்த ஒரு பறவைக்குப் பெயர் போடாமல் விட்டான். கேட்டதற்கு, "கண்ணால பாக்காதத எழுதக்கூடாதுல்லா மாமா" என்றான்.

வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. புரட்டாசி ஐப்பசியில் வாருங்கள், விடிகாலையில். கரையோரம் நேராக நடந்து போகாதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் பறவை தானாக வரும். களைத்து வந்த பறவையைப் படத்துக்காகத் திரும்பத் திரும்பப் பறக்கவிட்டால் அது தின்று சேர்த்த கொழுப்பு வீணாகிறது. டிரோன் வேண்டவே வேண்டாம். வயலில் இறங்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அணைக்கரையில் காவலர் சொல்கிற எல்லையைத் தாண்டாதீர்கள். அருவிப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், அங்கே வனத்துறை அனுமதி கட்டாயம்.

2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்கள் குளம் குளமாகப் பிரிந்து போய் எண்ணுகிறார்கள், புதியவர்களும் சேரலாம். நானும் அதற்கு வருகிறேன், பையனும் வருகிறான். அதற்குள் மழை நன்றாகப் பெய்திருந்தால் நாங்கள் உட்கார்ந்த அந்தப் பாறை தண்ணீருக்கடியில் இருக்கும். உள்ளான்களை நாற்று நட்ட வயல்களில்தான் போய்த் தேட வேண்டும்.